காட்டிக்கொடுத்தலும் எடுத்துரைத்தலும்: போரை எதிர்த்துப் பேசிய படைவீரர் தோழர்க்குத் துரோகிகளா?



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வினா. போர்க்களம் சென்று மீண்ட படைவீரர் ஒருவர், தாம் பங்குகொண்ட போர் தவறானது என்று பொதுமக்கள் முன்னிலையில் கூறுகிறார். அவருடைய தோழர்கள் இன்னும் களத்தில் நிற்கின்றனர். சிலர் பகைவர் சிறையில் இருக்கின்றனர். பலர் மண்ணுக்குள் இருக்கின்றனர். அவ்வாறு பேசியதால் அவர் தம் தோழர்களுக்குத் துரோகம் இழைத்தவர் ஆவாரா?

அறநூலாரும் அரசியல் நூலாரும் ஆராய வேண்டிய இவ்வினாவை மொழியியல் பயின்றோர் ஏன் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். இவ்வழக்கில் குற்றச்சாட்டு முழுவதும் ஒரே ஒரு சொல்லில் அடங்கியுள்ளது என்பதே நம் விடை. நீதிமன்றத்தில் வைக்கப்படும் குற்றச்சாட்டுக்குச் சட்டப் பிரிவு உண்டு; சான்று கேட்கப்படும். 'துரோகி' என்னும் சொல்லோ சொல்லப்பட்ட அளவிலேயே தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே அச்சொல் எந்த நிபந்தனைகள் நிறைவேறினால் பொருந்தும் என்று கேட்பது மொழி பயில்வோர் கடமை. மேலும், இந்நாட்டில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ளது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் நாளை சீருடை அணிய இருப்பவர்கள். விசுவாசம், தோழமை, துரோகம் ஆகிய சொற்களை அவர்கள் தெளிந்த பொருளோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பது நம் விருப்பம்.

இரு சொற்களின் இலக்கணம்

தமிழில் இக்குற்றத்தைக் குறிக்க இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. ஒன்று 'துரோகம்', மற்றொன்று 'காட்டிக்கொடுத்தல்'. ஒன்றற்கு மற்றொன்றை இட்டு வழங்குகிறோம். எனினும் இரண்டின் தொடரமைப்பும் வேறு.

'துரோகம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அது செய், இழை என்னும் வினைகளோடு சேர்ந்து நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும். 'நண்பனுக்குத் துரோகம் செய்தான்' என்கிறோம். இங்கு இருவரே போதும்: செய்தவர் ஒருவர், செய்யப்பட்டவர் ஒருவர். ஆனால் இருவர்க்கும் இடையே முன்பே ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். முன்பின் அறியாதவரை ஏமாற்றினால் அதனை மோசடி என்போம்; துரோகம் என்னோம். குருத்துரோகம், இராசத்துரோகம், தேசத்துரோகம், நம்பிக்கைத் துரோகம் என்னும் தொகைச் சொற்களில், எந்த நம்பிக்கை முறிந்தது என்பதை முன்னுறுப்பு சொல்லிவிடுகிறது. அம்முன்னுறுப்பை நீக்கிவிட்டு, வெறுமனே 'துரோகி' என்று ஒருவரைச் சுட்டும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. 'யாருக்கு?' என்னும் கேள்வி மறைந்துவிடுகிறது. அரசுக்கா, நாட்டுக்கா, உடன் நின்ற தோழனுக்கா? மூன்றும் ஒன்றே என்று கேட்பவர் தாமே கருதிக்கொள்ளும்படி அச்சொல் செய்துவிடுகிறது.

'காட்டிக்கொடுத்தல்' இன்னும் நுட்பமானது. 'காட்டி' என்னும் வினையெச்சத்தோடு 'கொடு' துணைவினையாக வந்துள்ளது. பிறர்க்குப் பயன்படுமாறு ஒன்றைச் செய்தலை அத்துணைவினை உணர்த்தும். சொல்லிக்கொடுத்தல், எழுதிக்கொடுத்தல் என்பன அவ்வகையின. ஆகவே இவ்வினைக்கு மூவர் வேண்டும்: காட்டுபவர், காட்டப்படுபவர், அதனால் பயன்பெறுபவர். 'ஒளிந்திருந்தவனைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுத்தான்' என்பது பழி. 'ஊருக்குப் புதியவர்க்கு வழியைக் காட்டிக்கொடுத்தான்' என்பது உதவி. வினை ஒன்றுதான். பழியாவதும் உதவியாவதும், எது காட்டப்பட்டது, யாருக்குக் காட்டப்பட்டது என்னும் இரண்டினால் முடிவாகிறது.

இவ்விலக்கணத்திலிருந்து மூன்று கேள்விகள் நமக்குக் கிடைக்கின்றன. முறிந்ததாகச் சொல்லப்படும் நம்பிக்கை யாருடையது? எதனைக் காட்டினர்? யாருக்குக் காட்டினர்? இம்மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வரலாற்றின் சில நிகழ்வுகளை நோக்குவோம்.

சசூனின் அறிக்கை, 1917

முதல் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் வெல்ச் பியூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தவர் சீக்பிரீட் சசூன். கவிஞர். வீரத்துக்காக 1916இல் மிலிட்டரி கிராஸ் விருது பெற்றவர். அவர் 1917 ஜூலையில், இப்போரில் இனிப் பணியாற்ற மாட்டேன் என்று ஓர் அறிக்கை எழுதினார். தற்காப்புக்காகவும் விடுதலைக்காகவும் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது. அதனை முடிக்கும் ஆற்றல் உடையவர்களே வேண்டுமென்று நீட்டிக்கின்றனர் என்பது அவர் வாதம். படை நடத்தப்படும் முறையை எதிர்க்கவில்லை, வீரர் எந்த அரசியல் பிழைகளுக்காகப் பலியிடப்படுகின்றனரோ அவற்றையே எதிர்க்கிறேன் என்று அவர் தெளிவாக வரையறுத்தார். தாம் ஒரு படைவீரர், படைவீரர் சார்பிலேயே பேசுகிறேன் என்றும் கூறினார். அவ்வறிக்கை ஜூலை 30ஆம் நாள் பிரிட்டிஷ் மக்களவையில் படிக்கப்பட்டது. மறுநாள் நாளிதழில் வெளிவந்தது.

அரசு அவரைப் படைநீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. அவர் நரம்புத் தளர்ச்சியால் பாதிக்கப்பட்டவர் என்று கூறி, எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனைக்கு அனுப்பியது. உயிர் நண்பரும் கவிஞருமான ராபர்ட் கிரேவ்ஸே, நண்பரைச் சிறையிலிருந்து காக்கும் நோக்கத்தில், மருத்துவக் குழு முன் அவ்வாறு சான்றளித்தார். மொழி நோக்கில் இது கருதத்தக்கது. 'துரோகி' என்பதற்கு மாற்றாக 'நோயாளி' என்னும் சொல் வந்தது. முன்னது வெறுப்பால் வருவது, பின்னது இரக்கத்தால் வருவது. ஆனால் இரண்டின் பயனும் ஒன்றே: அவர் எழுப்பிய கேள்விக்கு யாரும் விடை சொல்ல வேண்டியதில்லை.

அங்கு சசூனுக்கு மருத்துவம் பார்த்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். அவரை நம் துறையினர் வேறு வகையில் அறிவர். நீலகிரியில் வாழ்ந்த தோடர்களிடையே கள ஆய்வு செய்து 1906இல் நூல் வெளியிட்ட மானிடவியலார் அவரே. சசூன் பித்தர் அல்லர் என்பதை ரிவர்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். மாதக்கணக்கில் நடந்த உரையாடலுக்குப் பின் சசூன் தாமே முடிவெடுத்துக் களத்துக்குத் திரும்பினார். கருத்தை மாற்றிக்கொண்டு திரும்பவில்லை. தம் கீழிருந்த வீரர்கள் சாகும்போது தாம் பாதுகாப்பாக இருப்பதைப் பொறுக்காமல் திரும்பினார். 1918 ஜூலையில், தம் படையைச் சேர்ந்தவரே பகைவர் எனத் தவறாகக் கருதிச் சுட்டதால் தலையில் காயமுற்றார். அதே மருத்துவமனையில் அவரோடு நட்புக் கொண்ட வில்பிரட் ஓவன் என்னும் கவிஞரும் களத்துக்குத் திரும்பி, போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4ஆம் நாள் உயிர் நீத்தார்.

போரைக் குறைகூறுவதும் தோழரைக் கைவிடுவதும் ஒன்றே என்பார்க்கு இவர்கள் வாழ்வு மறுப்பாகும். இவ்விரண்டும் ஒருவரிடமே பிரிந்து நிற்க முடியும். எனினும் திரும்பிச் சென்றதால்தான் சசூன் துரோகி ஆகவில்லை என்று கொண்டால், திரும்பிச் செல்லாதவர் அனைவரும் துரோகிகள் என்றாகிவிடும். அதனை அடுத்த நிகழ்வு கொண்டு ஆராய வேண்டும்.

டெட்ராயிட்டும் வாசிங்டனும், 1971

வியட்நாம் போரை எதிர்த்த முன்னாள் படைவீரர் அமைப்பு 1967இல் நியூயார்க்கில் தோன்றியது. 1971 சனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை, டெட்ராயிட் நகரில் அவ்வமைப்பு மூன்று நாள் விசாரணை ஒன்றை நடத்தியது. நூற்றுக்கு மேற்பட்டோர், தாம் கண்டவற்றையும் தாமே செய்தவற்றையும் எடுத்துக் கூறினர். கைதிகளைத் துன்புறுத்தியமை, பொதுமக்களைக் கொன்றமை, ஊர்களை எரித்தமை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'குளிர்காலப் படைவீரர் விசாரணை'. இப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க விடுதலைப் போரின் மிக இக்கட்டான நேரத்தில், 1776 திசம்பரில், தாமசு பெயின் எழுதிய கட்டுரை, நெருக்கடி வந்ததும் நாட்டுப்பணியிலிருந்து நழுவுவோரைக் கோடைக்காலப் படைவீரர் என்று இகழ்ந்தது. அவ்வுருவகத்தைத் திருப்பி, தாம் கடினமான பருவத்திலும் பணியை விட்டு நீங்காதவர்கள் என்று இவர்கள் உரிமை கொண்டாடினர். 'துரோகி' என்னும் சொல் தம்மீது வீசப்படும் என்பதை அறிந்து, தம் நாட்டு மரபிலிருந்தே மறுமொழியை முன்கூட்டி எடுத்துவைத்தனர்.

ஏப்ரல் 22ஆம் நாள், அவ்வமைப்பின் சார்பில் ஜான் கெர்ரி அமெரிக்க மேலவையின் வெளியுறவுக் குழு முன் சான்றளித்தார். கடற்படை அதிகாரியாக வியட்நாம் ஆறுகளில் படகுப்படை நடத்தி, வெள்ளி நட்சத்திரமும் வெண்கல நட்சத்திரமும், காயமுற்றமைக்காக மூன்று ஊதா இதயப் பதக்கங்களும் பெற்றவர் அவர். டெட்ராயிட்டில் சொல்லப்பட்டவற்றைச் சுருக்கிக் கூறிய அவர், போர் பிழையென்று தெரிந்த பின்பும் அப்பிழைக்காகச் சாகும் கடைசி வீரனாக இருக்குமாறு ஒருவனை எவ்வாறு கேட்பது என்று வினவினார். மறுநாள் நூற்றுக்கணக்கான வீரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வேலிக்கு அப்பால் தம் பதக்கங்களை எறிந்தனர். அவ்வார முற்பகுதியில் ஆர்லிங்டன் இராணுவக் கல்லறைக்கு அவர்கள் அணிவகுத்தபோது, மகனைப் போரில் இழந்த தாய்மார் சிலர் முன்னே நடந்தனர். முதல் நாள் வாயில் அடைக்கப்பட்டது, மறுநாள் திறக்கப்பட்டது.

நம் மூன்று கேள்விகளை இங்கு வைத்துப் பார்க்கலாம். யாருக்குக் காட்டினர்? தம் நாட்டு மக்களுக்கும், போரைத் தொடரவோ நிறுத்தவோ அதிகாரம் உடைய மக்கள் பிரதிநிதிகளுக்கும் காட்டினர். எதனைக் காட்டினர்? படை நிற்கும் இடத்தையோ, அதன் நகர்வையோ அன்று. போரின் தன்மையைக் காட்டினர். யாருடைய நம்பிக்கை? அமெரிக்கப் படை அதிகாரி ஏற்கும் உறுதிமொழி அரசியலமைப்பைக் காப்பதாகவே அமைந்துள்ளது. அதில் எந்தத் தனிமனிதரின் பெயரும் பதவியும் இல்லை. சாதாரண வீரரின் உறுதிமொழியில் குடியரசுத் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் கீழ்ப்படிதல் சேர்ந்து வருகிறது. ஆயினும் அரசியலமைப்பே முதலில் வருகிறது. 1934 ஆகஸ்டில் செர்மானியப் படையினர் இட்லரின் பெயரைச் சொல்லி அவருக்கே கீழ்ப்படிவதாக உறுதியேற்ற நிகழ்வோடு இதனை ஒப்பிட்டால், உறுதிமொழியின் தொடரமைப்பு எத்துணை முதன்மையானது என்பது புலனாகும். ஒன்றில் நம்பிக்கை சட்டத்திற்கு உரியது. மற்றொன்றில் ஒரு மனிதருக்கு உரியது.

எதிர்வாதத்தின் வலிமை

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் நம் விடை எளிதாக அமைந்துவிடும். ஆனால் எதிர்த் தரப்பில் உள்ளவர்களும் அதே களத்தில் குருதி சிந்தியவர்களே. அவர்கள் வாதத்தை அதன் முழு வலிமையோடு கேட்பதே முறை. அவை மூன்றாகத் தொகுக்கத்தக்கன.

முதலாவது, சிறைப்பட்டோர் வாதம். வியட்நாம் போரில் சிறைப்பட்டு 1973இல் விடுதலையான அமெரிக்கர் 591 பேர். நாட்டில் எழுந்த போர் எதிர்ப்புப் பேச்சைச் சிறைக்காவலர் தம்முன் எடுத்துக்காட்டி மனவுறுதியைக் குலைக்க முயன்றனர் என்று அவர்களுள் சிலர் பின்னாளில் கூறினர். துன்புறுத்தப்பட்டும் தாம் சொல்ல மறுத்த சொற்களைத் தம் தோழர் ஊரில் இருந்துகொண்டு இலவசமாகச் சொல்லிவிட்டார் என்பது அவர்கள் மனக்குறை. இக்குறையைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் பகைவன் ஒரு சொல்லைப் பயன்படுத்திக்கொள்வது வேறு. பகைவனுக்கென்று அச்சொல்லைச் சொல்வது வேறு. 'கொடு' என்னும் துணைவினை உணர்த்தும் பயன், கொடுப்பவன் கருதிக் கொடுக்கும் பயன். தற்செயலாக ஒட்டுக்கேட்டவன் அடையும் பயன் அதில் அடங்காது. தீங்கு நேர்ந்தது என்பதை ஏற்கலாம். துரோகம் நேர்ந்தது என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது.

இரண்டாவது, பொதுமைப்படுத்தல் வாதம். சிலர் செய்த கொடுமைகளை நாள்தோறும் நிகழ்பவை என்று கூறியதால், நேர்மையோடு பணியாற்றிய பல்லாயிரவர் கொலைகாரர் என்னும் பழிக்கு ஆளாயினர் என்பது இதன் சாரம். இதுவே மூன்றனுள் வலியது என்பது நம் கருத்து. 2004இல் கெர்ரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, ஆற்றுப் படகுப்படையின் முன்னாள் வீரர்கள் சிலர் ஓர் அமைப்பாகத் திரண்டு அவரை எதிர்த்ததற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அச்சான்றுரையே பெரிதும் காரணமாயிற்று. இளமைச் சினத்தில் பயன்படுத்திய சில சொற்கள் மிகையானவை என்று அவ்வாண்டில் கெர்ரியே கூறினார். அவ்வமைப்பின் பொறுப்பாளர் ஒருவர் தம் படைப்பதவியை உயர்த்திச் சொல்லியிருந்ததும் 1971இலேயே வெளிப்பட்டு, மெய்யாகப் பேசிய பிறர் சொல்லையும் ஐயத்துக்கு ஆளாக்கியது.

இங்கு நாம் ஒரு வரையறை செய்ய வேண்டும். 'நான் கண்டேன்' என்பது சான்று. 'நாங்கள் செய்தோம்' என்பதும், அந்த 'நாங்கள்' யார் என்று தெளிவாக இருந்தால், சான்று. 'அவர்கள் அனைவரும் அப்படித்தான்' என்பது சான்று அன்று, அது பழி. தன்மைப் பன்மையிலிருந்து படர்க்கைப் பன்மைக்கு நழுவும் இடத்தில்தான் எடுத்துரைத்தல் தோழர்க்குத் தீங்காக மாறுகிறது. மெய்யை மிகைப்படுத்தியவர், தோழரின் நற்பெயரைத் தம் வாதத்துக்கு விலையாகக் கொடுத்தவர் ஆகிறார். அவ்வளவில் குற்றச்சாட்டு பொருந்தும்.

ஆனால் மிகைப்பட்ட சான்று சில இருந்தமையால் மெய்ச்சான்று இல்லை என்றாகிவிடாது. 1967இல் வியட்நாமின் நடு மேட்டுநிலத்தில் 'டைகர் போர்ஸ்' என்னும் சிறுபடை பொதுமக்களைக் கொன்றமை பற்றி அமெரிக்கத் தரைப்படையே நாலரை ஆண்டுகள் புலனாய்வு செய்தது. ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. 2003இல் ஒகையோ மாநில நாளேடு ஒன்று அதனை வெளிக்கொணர்ந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

மூன்றாவது, இறந்தோர் வாதம். 'என் மகன் வீணாகவா மாண்டான்?' என்று ஒரு தாய் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? அப்போரில் இறந்த அமெரிக்கர் 58,000க்கும் மேற்பட்டோர். அத்தனை வீடுகளிலும் இக்கேள்வி உண்டு. போர் தவறு என்று சொல்வது அச்சாவுகளின் பொருளைப் பறிப்பதாகும் என்பது வாதம். இதற்குத் தருக்கத்தால் மட்டும் விடை கூற முனைவது இரக்கமற்ற செயல். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீரனின் சாவுக்கு மதிப்புத் தருவது அவனது துணிவும், தோழருக்காக அவன் ஏற்ற இடரும் ஆகும். அவனை அனுப்பியவர்களின் முடிவு சரியா என்பது வேறு வினா. இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், இறந்தோர் பெயரால் மேலும் பலர் இறக்க நேரும். போரை நிறுத்தவே முடியாது. ஆர்லிங்டன் வாயிலில் நின்ற தாய்மார் இதனை நூல்கள் கற்று அறிந்தவர் அல்லர்.

மௌனத்தால் பயன்பெறுபவர் யார்?

பேசுவதால் தோழர்க்குத் தீங்கு வரலாம் என்று கண்டோம். பேசாமையால் வரும் தீங்கையும் எண்ண வேண்டும். 1968 மார்ச் 16ஆம் நாள், மை லாய் என்னும் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் படைக்கலம் இல்லாத முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றனர். அமெரிக்கப் படையின் கணக்கு 347 பேர். அங்குள்ள நினைவிடத்தின் கணக்கு 504 பேர். மேலே ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த கியூ தாம்சன், தப்பியோடிய ஊராருக்கும் துரத்திவந்த படையினருக்கும் இடையில் ஊர்தியை இறக்கினார். படையினர் ஊராரைச் சுட்டால் அவர்களைத் திருப்பிச் சுடுமாறு தம் குழுவினராகிய கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா இருவர்க்கும் ஆணையிட்டார். ஒளிந்திருந்தோரை வெளியே கொணர்ந்து காத்தார். திரும்பியதும் மேலதிகாரிகளிடம் முறையிட்டார்.

தாம்சன் போரை எதிர்த்தவர் அல்லர், கொலையை எதிர்த்தவர். எனினும் 'தோழர்க்குத் துரோகம்' என்னும் குற்றச்சாட்டுக்கு இதைவிடக் கூரிய எடுத்துக்காட்டு இல்லை. தம் நாட்டுச் சீருடை அணிந்தோர்மீதே துப்பாக்கியைத் திருப்பச் செய்தவர் அவர். பின்னர் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அவர் சான்றளித்தபோது, தண்டிக்கப்பட வேண்டியவர் தாம்சனே என்று அக்குழுவின் தலைவர் கூறினார். வீட்டு வாயிலில் செத்த விலங்குகள் வீசப்பட்டன. கொலை மிரட்டல்கள் வந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, 1998 மார்ச்சில், அதே தரைப்படை அம்மூவர்க்கும் வீரப் பதக்கம் அளித்தது. ஆண்ட்ரியோட்டா அதனைப் பெற உயிரோடு இல்லை. மை லாய் நிகழ்ந்து மூன்று வாரத்தில் அவர் களத்தில் மாண்டிருந்தார்.

அக்கொலை வெளிவந்ததும் ஒரு படைவீரராலேயே. ரான் ரைடனவர் என்பவர் தம் நண்பர்கள் வாயிலாகச் செய்தியறிந்து, தாமே விசாரித்துத் தொகுத்து, 1969 மார்ச்சில் அரசியல் தலைவர்களுக்கும் படைத்துறைக்கும் மடல் எழுதினார். அதுவரை ஓராண்டுக் காலம் நிலவிய மௌனம் யாருக்குப் பயன்பட்டது? ஆணையிட்ட அதிகாரிகளுக்கும் அதை மறைத்தவர்களுக்கும் பயன்பட்டது. அங்கு நின்றும் சுட மறுத்த வீரர்களுக்கு அதனால் பயன் இல்லை. செய்தவரையும் மறுத்தவரையும் வேறுபடுத்திக் காட்டுவது மெய்ச்சான்று ஒன்றே. மௌனம் இருவரையும் ஒரே இருளில் வைத்துவிடுகிறது.

பேசியவர்கள் தோழர்க்குச் செய்த மற்றொரு பணியும் உண்டு. 1970இன் இறுதியில் அந்த எதிர்ப்பு அமைப்பின் நியூயார்க் உறுப்பினர்கள், உறக்கமின்மையாலும் கொடுங்கனவுகளாலும் குற்றவுணர்வாலும் வாடிய வீரர்கள் கூடிப் பேசும் சிறு குழுக்களைத் தொடங்கினர். இராபர்ட் ஜே லிப்டன், கயீம் ஷாத்தான் என்னும் மனநல மருத்துவர் இருவர் அவற்றில் அமர்ந்து கேட்டனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் போர்க்கால மனநெருக்கடிக்கு 1952இல் இருந்த இடம் 1968இல் நீக்கப்பட்டிருந்தது. அக்குழுக்களில் தொடங்கிய முயற்சி, பிறர் முயற்சிகளோடு சேர்ந்து, 1980இல் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்னும் பெயரை அப்பட்டியலில் இடம்பெறச் செய்தது. பெயர் கிடைத்ததால் மருத்துவம் கிடைத்தது; போரை ஆதரித்த வீரர்க்கும் எதிர்த்த வீரர்க்கும் ஒருங்கே கிடைத்தது. துரோகிகள் என்று தூற்றப்பட்டோர் தோழர்க்கு ஆற்றிய தொண்டு இது.

நம் மரபில் இவ்வினா

தமிழ் மேடைகளில் இவ்வினா புதிதன்று. கும்பகருணனா, வீடணனா என்று நாம் பட்டிமன்றம் நடத்தாத ஊர் இல்லை. ஒருவன் அவையில் இடித்துரைத்துவிட்டுத் தமையனுக்காகப் போரிட்டு மாண்டான். மற்றொருவன் அறம் கருதி எதிரணி சேர்ந்தான். இவ்விரண்டே வழி என்று பழகிவிட்டதால் மூன்றாம் வழி நம் கண்ணில் படுவதில்லை. டெட்ராயிட்டில் பேசியவர்கள் எதிரணி சேரவில்லை. பேசிவிட்டு அடங்கவும் இல்லை. தம் ஊரிலேயே நின்று, தம் அவையை நோக்கித் தொடர்ந்து இடித்துரைத்தனர். மன்னராட்சியில் அவ்வழிக்கு இடம் குறைவு. மக்களாட்சியில் அது குடிமகனின் உரிமை.

'செஞ்சோற்றுக்கடன்' என்னும் அரிய சொல்லையும் இங்கு எண்ணலாம். கர்ணனுக்குச் சோறிட்டவன் துரியோதனன், கடன் அவனுக்கு. இன்றைய படைவீரருக்குச் சோறிடுபவர் யார்? வரி செலுத்தும் மக்கள். அமைச்சர் மாறுவர், ஆட்சி மாறும். சோறிடும் கை மாறுவதில்லை. அம்மக்களிடம் உண்மையைச் சொல்வது கடனைத் தீர்ப்பதே அன்றிக் கடனை மறப்பது ஆகாது.

புறப்பாடல் துறைகளுள் துணைவஞ்சி என்று ஒன்று உண்டு. போர்மேற் செல்லும் வேந்தனைச் சந்து செய்து மீட்பது அது. உறையூரை முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும் கோவூர்கிழார் பேசினார். நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, பாடி உய்வித்தவரும் அவரே. அவர் புலவர், படைவீரர் அல்லர். ஆகவே ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. ஆயினும் சொல்லை மட்டும் சுமந்து வந்தவனை ஒற்றன் என்று மயங்குவது எத்துணைப் பழைய மயக்கம் என்பதை அப்பாடலின் பின்னணி காட்டுகிறது.

முடிவுரை

நம் முடிவை மூன்று கூறாகச் சொல்லலாம். தாம் கண்டதை, கண்ட அளவில், தம் மக்களிடம் எடுத்துரைக்கும் படைவீரர் தோழர்க்குத் துரோகி ஆகார். காணாததைக் கண்டதாகக் கூறுபவரும், சிலர் செயலை அனைவர்மீதும் ஏற்றுபவரும், களத்தில் நிற்போரின் உயிருக்கு ஊறு செய்யும் செய்தியைப் பகைவர்க்குத் தருபவரும் தோழர் நம்பிக்கையை முறித்தவர்களே. அவர்கள் போரை ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அதில் வேறுபாடு இல்லை. பேசாமல் இருப்பதும் சில வேளைகளில் துரோகமாகும். யாருக்கு என்று கேட்டால் அது விளங்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'துரோகி' என்னும் சொல்லை மாணவர் கட்டுரையிலோ சொற்போரிலோ பயன்படுத்தினால் அதனை அடித்துவிட வேண்டா. 'யாருக்கு?' என்று ஓரத்தில் எழுதுங்கள். நான்காம் வேற்றுமை உருபை நாம் தேர்வுக்காகக் கற்பிக்கிறோம். ஒருவர்மீது பழி சுமத்தும்முன் நிரப்ப வேண்டிய இடம் அது என்பதையும் சேர்த்துக் கற்பிப்போம். மாணவர்களே, நீங்கள் சீருடை அணியும் நாளில், ஏற்கும் உறுதிமொழியை ஒரு முறைக்கு இருமுறை படியுங்கள். யாரிடம், எதற்கு நம்பிக்கையாக இருப்பதாகச் சொல்கிறோம் என்பதை அறிந்து சொல்லுங்கள். உடன் நிற்கும் தோழனுக்கு நீங்கள் தரக்கூடிய முதல் உறுதி அதுவே.